மெட்டல் டீ-ஷர்ட்டும் ஜே-பாப்பும்

ஹெவி மெட்டல் ரசிகர்கள் பலரிடம் பாப் என்று வாயெடுத்தாலே முகம் சுளிப்பார்கள். அதிலும் ஜப்பானிய பாப் என்றால் கேட்கவே வேண்டாம், "சின்னப் பிள்ளைங்க பாட்டு" என்று ஒதுக்கிவிடுவார்கள்.

அவர்களிடம் மார்ட்டி ஃப்ரீட்மேன் பெயரைச் சொல்லிப் பாருங்கள்! மெகாடெத் குழுவின் கிட்டாரிஸ்ட். 1990ல் வந்த 'ரஸ்ட் இன் பீஸ்' ஆல்பத்தில் அவர் வாசித்த சோலோக்களை, கிட்டார் பழகுகிறவர்கள் இன்றைக்கும் விரல் நோக வாசித்துப் பார்க்கிறார்கள். அப்பேர்ப்பட்டவர் 2000ல் குழுவை விட்டு விலகினார். 2003ல் டோக்கியோவுக்கே குடிபோய்விட்டார். அவரை அங்கே இழுத்தது ஜே-பாப்தான். ஐகாவா நானாசே என்ற பாடகியின் குழுவில் கிட்டார் வாசித்தார். 2009ல் ஜே-பாப் பாட்டுகளையே கிட்டாரில் வாசித்து 'டோக்கியோ ஜூக்பாக்ஸ்' என்று ஓர் ஆல்பமும் போட்டார்.

மெட்டலுக்குச் செய்த துரோகமா இது? அந்த ஆல்பத்தைக் கேட்டால் அப்படித் தோன்றாது. மெட்டு ஜே-பாப்பின் இனிமையான மெட்டு. அதை இழைப்பது அதே முரட்டு கிட்டார். இரண்டும் சண்டை போடவே இல்லை. சண்டையெல்லாம் ரசிகர்களுக்குள்தான்.

2023 பிப்ரவரி 27. டோக்கியோ புடோகான் அரங்கில் மெகாடெத் மேடையேறியபோது, இடையில் வந்து சேர்ந்துகொண்டார் ஃப்ரீட்மேன். இருபது வருட ஜே-பாப் அவர் விரல்களை மழுங்கடித்துவிடவில்லை.

மெட்டல் டீ-ஷர்ட்டைப் போட்டுக்கொண்டு, ஹெட்போனில் ரகசியமாக ஜே-பாப் கேட்கிற ரசிகன் எங்கேயாவது இருந்தால், இனி சத்தமாகவே கேட்கலாம். அவனைவிடப் பெரிய மெட்டல்காரரே கேட்கிறார்!