மூன்றாவது மகன்

அண்ணன் சிறைக்குச் சென்றுவிட்டால் தம்பியின் நெற்றியிலும் ஊரார் ஒரு முத்திரையைக் குத்திவிடுகிறார்கள். அவன் வகுப்பில் வாய்விட்டுச் சிரித்தால் குற்றம். வாய்மூடி அமர்ந்திருந்தால் ஐயம். மத்ரஸாவில் இருபது ஆண்டுகளாகப் பாடம் நடத்திவரும் எனக்கு இத்தகைய தம்பிகள் சிலரைத் தெரியும். அவர்களுள் எவரும் தம் வீட்டுத் துயரை வாய்திறந்து சொன்னதில்லை. ஆகவேதான், அதைச் சொல்லத் துணிந்த ஓர் இளைஞரின் வரலாறு, அவர் நம் நாட்டவரும் அல்லர், நம் சமுதாயத்தவரும் அல்லர் என்றபோதிலும், என் நெஞ்சில் ஆழமாகத் தைத்தது.

இலண்டன் மாநகரைச் சேர்ந்த டேவ் என்பவரே அவர். அவருடைய கலை, ராப். தாளத்தின்மீது எதுகையும் மோனையும் பிணைத்து விரைந்து சொல்லிச் செல்லும் இந்தப் பேச்சுப்பாட்டு, 1970களில் நியூயார்க் நகரின் கறுப்பின மக்களிடையே தோன்றி உலகெங்கும் பரவியது. என் மேல்வகுப்பு மாணவர்கள் இதைக் கேட்கிறார்கள் என்று அறிந்தபோது, அவர்களின் செவியில் விழுவது யாது என்று தெரிந்துகொள்ள விரும்பினேன். இசை குறித்த மார்க்கச் சட்டத்தை இங்கே நான் ஆராய வரவில்லை. டேவின் பாட்டுகளில் குடும்பத்தார் நடுவே கேட்கத் தகாத சொற்கள் உண்டு என்பதையும் மறைக்கவில்லை. நான் உங்களோடு பேச விரும்புவது, ஒரு வீட்டின் கடைசிப் பிள்ளை தன் துயரை என்ன செய்தான் என்பதைப் பற்றி மட்டுமே.

டேவ் 1998 ஜூன் 5ஆம் நாள் தென் இலண்டனில் உள்ள பிரிக்ஸ்டனில் பிறந்தார். பெற்றோர் நைஜீரியாவிலிருந்து வந்தவர்கள். தந்தை கிறித்தவப் போதகர். மகன் கைக்குழந்தையாக இருந்தபோதே, விசாச் சிக்கலால் அவர் நாடு கடத்தப்பட்டார். செவிலியராகப் பணியாற்றிய தாய், ஸ்ட்ரெதம் பகுதியில் மூன்று ஆண்மக்களையும் வளர்த்தார். மூன்றாமவர்தான் டேவ்.

மூத்தவர் இருவரும் சிறை புகுந்தனர். ஒருவருக்குக் கிடைத்தது ஆயுள் தண்டனை. 2010ஆம் ஆண்டு விக்டோரியா இரயில் நிலையத்தில் 15 வயதுச் சிறுவன் ஒருவனைப் பதின்பருவக் கும்பலொன்று தாக்கிக் கொன்ற வழக்கு அது. அந்தச் சிறுவனைப் பெற்றவர்களின் கண்ணீருக்கு எந்தப் பாட்டும் ஈடாகாது. இதை மறந்துவிட்டு மேலே செல்வது நமக்குத் தகாது. கொலை நடந்தபோது டேவுக்கு வயது 11. குற்றம் செய்யாத அந்தப் பிள்ளைக்கு, தந்தை இருந்த இடமும் வெற்றிடம். தமையன்மார் இருந்த இடமும் வெற்றிடம்.

அந்தத் தாய் என்ன செய்தார்? வளரும் மகனுக்கு ஒரு கீபோர்டை வாங்கித் தந்தார். இரவும் பகலும் நோயாளிகளைப் பார்க்கும் ஒரு பெண், வீட்டில் இருக்கும் மகனைக் காவல் காக்க இயலாது. அவனது கைகளுக்கு வேலை தர மட்டுமே இயலும். அதை அவர் தந்தார் என்றே நான் எண்ணுகிறேன். பின்னர் டேவ், ரிச்மண்ட் அப்பான் தேம்ஸ் கல்லூரியில் சட்டம், தத்துவம், அறவியல் ஆகிய பாடங்களைப் பயின்றார். "இவையெல்லாம் சோறு போடுமா?" என்று நம்மவர் கேட்கும் பாடங்கள்! கலைப் பட்டதாரியாகிய நானும் இக்கேள்வியை நிறையக் கேட்டவன்தான். ஆனால், டேவின் பாட்டுகளைப் படித்துப் பார்ப்பவர்களுக்கு, வாதத்தை வரிசைப்படுத்தி அடுக்கும் அந்த வகுப்பறைப் பயிற்சி நன்கு புலப்படும்.

2015இல் இணையத்தில் வெளியான ஒரு காணொளியில், 16 வயதுச் சிறுவராகத் தம் வரிகளைச் சொல்லிக் கவனம் பெற்றார். 2016இல் முதல் சிறு தொகுப்பு வெளிவந்தது. அதே ஆண்டில் கனடா நாட்டின் புகழ்பெற்ற ராப் கலைஞர் டிரேக், டேவின் பாட்டொன்றில் தம் குரலையும் சேர்த்து வெளியிட்டார். பதினெட்டு வயதுப் பிள்ளைக்கு இதைவிடப் பெரிய வாசல் ஏது? அந்த வாசல் வழியே நுழைந்து, கேளிக்கைப் பாட்டுகளையே எழுதிக்கொண்டு அவர் காலத்தை ஓட்டியிருக்கலாம்.

ஆனால், 2017இல் அவர் எழுதியது 'கொஸ்டின் டைம்', அதாவது 'கேள்வி நேரம்'. ஏறத்தாழ ஏழு நிமிடங்கள் நீளும் அப்பாட்டு, அப்போதைய பிரதமர் தெரசா மே அவர்களை நோக்கிக் கேட்கப்பட்ட கேள்விகளால் ஆனது. பிறரைப் பேணும் செவிலியரைப் பேணுவார் யார் என்று கேட்டார், செவிலியரின் மகன். சிரியாவில் விழும் குண்டுகளைப் பற்றிக் கேட்டார். அவ்வாண்டு ஜூன் மாதம் 72 உயிர்களைப் பலிகொண்ட கிரென்ஃபெல் அடுக்குமாடித் தீயைப் பற்றிக் கேட்டார். பாடல் இயற்றுவோருக்கு வழங்கப்படும் ஐவர் நொவெல்லோ விருது 2018இல் அப்பாட்டுக்குக் கிடைத்தபோது, அவருக்கு வயது 19. கோபம் எல்லா இளைஞரிடமும் உண்டு. அதனைக் கேள்வியாக வடிக்கக் கற்றவன் கல்லெடுக்கமாட்டான் என்பது என் துணிபு.

வெளியுலகைக் கேள்வி கேட்பது ஒருவகையில் எளிது. தன் வீட்டைப் பற்றிப் பேசுவதே அரிது. அதையும் அவர் செய்தார். ஜேக்கப் மொரீனோ என்னும் மருத்துவர் வகுத்த 'சைக்கோடிராமா' என்றொரு மருத்துவ முறை உண்டு. மனம் புண்பட்டவர் தம் வாழ்க்கை நிகழ்ச்சிகளை நாடகமாக நடித்துப் பார்த்துத் தெளிவு பெறும் முறை அது. சிறையிலிருந்த அண்ணன் பெற்றுவந்த மனச் சிகிச்சையிலிருந்தே டேவுக்கு இந்தக் கருத்துத் தோன்றியது. 2019 மார்ச் 8ஆம் நாள் அதே பெயரில் வெளிவந்த அவரது முதல் முழுத் தொகுப்பு, மருத்துவர் முன் அமர்ந்து ஓர் இளைஞர் மனம் திறப்பது போல் அமைந்தது. கணவன்போல் வாழ்ந்தவனின் கொடுமையில் சிக்கிய பெண்ணொருத்தியின் கதையும் அதில் உண்டு. பதினொரு நிமிடங்கள் நீளும் அப்பாட்டு, அத்தகைய நிலையிலுள்ள பெண்கள் உதவியை நாடவேண்டும் என்ற வேண்டுகோளுடன் முடிகிறது. அத்தொகுப்பு பிரிட்டனின் விற்பனைப் பட்டியலில் முதலிடம் பெற்றது.

அவ்வாண்டு செப்டம்பரில் 'மெர்க்குரி' பரிசும் அதற்கே அறிவிக்கப்பட்டது. பரிசு பெற மேடையேறிய டேவ், தம் தாயையும் உடன் அழைத்துச் சென்றார். சிறையிலிருந்த அண்ணனை அந்த மேடையிலேயே பெயர் சொல்லி நினைவுகூர்ந்தார். குற்றத்தை நியாயப்படுத்தாமலே குற்றவாளியை "என் அண்ணன்" என்று சொல்ல முடியும் என்பதை, 21 வயது இளைஞர் ஒருவர் நாடறியக் காட்டினார்.

தாய்மார்களே, தந்தைமார்களே! நம் பிள்ளைகள் ராப் பாடவேண்டும் என்று நான் சொல்லவில்லை. அவர்கள் எழுதட்டும், பேசட்டும், கேள்வி கேட்கட்டும். "வீட்டு விஷயத்தை வெளியே சொல்லாதே" என்று பிள்ளையின் வாயை அடைப்பதற்கு முன், வீட்டுக்குள்ளாவது அதைச் சொல்ல அவனுக்கு ஓர் இடம் கொடுத்திருக்கிறோமா என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் தெருவில் அப்படியொரு தம்பி இருந்தால், அவனுடைய அண்ணனைப் பற்றிப் பிறரிடம் விசாரிப்பதை விட்டுவிட்டு, அவன் என்ன படிக்கிறான் என்று அவனிடமே அன்போடு கேளுங்கள்.