முத்து எந்தச் சிப்பியில்?

சிப்பியை வெளியே பார்த்து உள்ளே முத்து இருக்கான்னு சொல்ல முடியாது. நம்ம ஊர்க்காரங்களுக்கு இதைச் சொல்லித்தர வேண்டாம். வானத்திலும் அதே கதைதான்.

ஒரு கருந்துளை, பக்கத்தில் இருக்கும் நட்சத்திரத்தின் வாயுவை இழுக்கிறது. சுழன்று விழும் வாயு பயங்கரமாகச் சூடாகி எக்ஸ்ரே வீசுகிறது. இப்படிப்பட்ட ஜோடிகள் நமது பால்வெளியில் பல தெரியும். இவை சிப்பிகள். இவற்றில் சில மட்டும், விழும் பொருளில் கொஞ்சத்தை இரண்டு பக்கமும் தாரையாகப் பீய்ச்சி அடிக்கும். தாரையிலிருந்து ரேடியோ அலை வரும். அதுதான் முத்து. பெயர் மைக்ரோக்வாசார்.

எக்ஸ்ரே நம் காற்று மண்டலத்தைத் தாண்டாது. அதனால் செயற்கைக்கோள் வேண்டும். 1996இல் நாம் ஏவிய ஐ.ஆர்.எஸ். பி3, 2015இல் ஏவிய ஆஸ்ட்ரோசாட் இரண்டும் இந்த வேலையைச் செய்தன. ரேடியோ அலையோ தரைக்கே வந்துவிடும். அதைப் பிடிக்க, புனே பக்கம் நாராயண்காவ் அருகே 45 மீட்டர் விட்டமுள்ள 30 ஆன்டெனாக்கள் நிற்கின்றன.

புதிதாக ஒன்றைக் கண்டுபிடிப்பதுதான் கஷ்டம். செயற்கைக்கோள் "இந்த வட்டத்துக்குள் எங்கோ எக்ஸ்ரே வருகிறது" என்று மட்டும் காட்டும். அந்த வட்டத்துக்குள் ரேடியோவில் ஒரு புள்ளி தெரிந்தாலும் உடனே துள்ளிக் குதிக்கக் கூடாது. அது எங்கோ தொலைவில் உள்ள வேறொரு கேலக்ஸியாக இருக்கலாம். எக்ஸ்ரே மாறும்போது ரேடியோவும் மாறுகிறதா என்று நாள் கணக்கில், மாதக் கணக்கில் பார்க்க வேண்டும். பல வட்டங்களில் ரேடியோவே இருக்காது. வெறும் சிப்பி!

என் தாத்தா சங்கு குளித்தவர். இதையெல்லாம் கேட்டுவிட்டு, "ஏல, 1961க்கு அப்புறம் இங்க முத்துக்குளிப்பே இல்ல. அங்க மட்டும் வத்தாதா?" என்றார். நல்ல கேள்வி. கழுகு விண்மீன் கூட்டத்தில் ஜி.ஆர்.எஸ். 1915+105 என்று ஒன்று இருக்கிறது. 1992இல் கண்டுபிடித்தார்கள். 1994இல் அதன் தாரை ஒளியை மிஞ்சி ஓடுவதுபோலத் தெரிந்ததாம்! (நிஜத்தில் ஒளி வேகத்துக்குக் கொஞ்சம் குறைவு. மிக வேகமாக ஓடும் தாரை நம் பக்கமாகச் சற்றுச் சாய்ந்து வருவதால் அப்படித் தோன்றுகிறது.) இருபத்தாறு வருடம் எக்ஸ்ரேயில் ஜொலித்துவிட்டு 2018இல் மங்கிப்போனது. முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள். ஆனால் 2019இல் ரேடியோவில் பெரிய வெடிப்புகள் வந்தன! கருந்துளை தீனியை விடவில்லை. நடுவில் வாயு வந்து எக்ஸ்ரேயை மறைத்திருக்கிறது. ஒன்றை மட்டும் நம்பியிருந்தால் ஏமாந்திருப்போம்.

இதைப் படிக்கப் பெரிய பணம் வேண்டும் என்று வீட்டில் நினைத்தார்கள். பி.எஸ்சி., எம்.எஸ்சி. இயற்பியல் முடித்து, தேர்வு எழுதித் தேறினால், புனேயில் அந்த ஆன்டெனாக்களை நடத்தும் நிறுவனமே உதவித்தொகை கொடுத்து ஆராய்ச்சி செய்ய விடுகிறது. நம் ஊட்டியில் மலைச்சரிவில் 530 மீட்டர் நீளத்துக்கு நிற்கும் ரேடியோ தொலைநோக்கியும் அவர்களுடையதுதான். அப்பாவுக்கு நான் ஹார்பர் வேலைக்கான படிப்பில் சேர வேண்டும் என்று ஆசை. விவரத்தை எழுதிக் காட்டினேன். இரண்டு தடவை படித்துவிட்டு, "முதல்ல ப்ளஸ் டூ மார்க் வரட்டும்ல" என்றிருக்கிறார்.