பன்னிரண்டு வயதில் வெளிப்படும் உண்மை



ஆறாம் ஆண்டு மாணவர்களுக்குப் பன்னிரண்டு வயது நிறைவது ஒரு கொண்டாட்டம். தேசியப் பதிவு இலாகாவுக்குச் சென்று, படமெடுத்து, பெருவிரல் ரேகை பதித்து, நீல நிற மைகார்டுடன் திரும்புவார்கள். மறுநாள் வகுப்பில் அதை ஒருவருக்கொருவர் காட்டி மகிழ்வார்கள். அந்நாள்களில் வாய்திறவாமல் ஒதுங்கி நிற்கும் பிள்ளைகளையும் ஜெராம் வட்டாரத்தில் நான் கண்டிருக்கிறேன்.

அவர்களுள் ஒருத்தி வகுப்பில் முதல் நிலை மாணவி. அவளிடம் பிறப்புப் பத்திரம் இருந்தது. ஆனால், அதில் குடியுரிமை நிலையைக் குறிக்கும் இடத்தில் 'புக்கான் வார்காநெகாரா', அதாவது குடிமகன் அல்லர், என்று எழுதப்பட்டிருந்தது. தந்தை இந்நாட்டுக் குடிமகன். தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர். தாய் அண்டை நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர். கோயிலில் ஊரறியத் தாலி கட்டினார்கள். திருமணத்தைப் பதிவு செய்யவில்லை. பத்திரம் கையில் இருந்ததால் எல்லாம் சரியாக இருப்பதாகவே அத்தந்தை பன்னிரண்டு ஆண்டுகள் நம்பியிருந்தார்.

இங்கேதான் நம்மவர் பலர் இடறுகின்றனர். பிறப்புப் பத்திரம் வேறு, குடியுரிமை வேறு. பிள்ளை இம்மண்ணில் பிறந்தது என்பதைப் பத்திரம் சான்று கூறும். பிள்ளை இந்நாட்டுக்குரியது என்பதை அரசியலமைப்புச் சட்டம் முடிவு செய்யும்.

1957 ஆகஸ்டு 31 முதல் 1962 அக்டோபருக்கு முன்பு வரை இங்கே பிறந்தவர்கள், மிகச் சில விலக்குகள் நீங்கலாக, பிறப்பாலேயே குடிமக்கள் ஆயினர். அதன்பின் பிறந்தவர்களுக்குப் பெற்றோருள் ஒருவரேனும் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருத்தல் வேண்டும் என்றாயிற்று. திருமண உறவுக்கு வெளியே பிறந்த பிள்ளையாகக் கருதப்பட்டால், சட்டம் தந்தையை விடுத்துத் தாயின் நிலையையே பார்க்கிறது. முஸ்லிம் அல்லாதார் திருமணங்களைப் பதிவு செய்ய வேண்டும் என்னும் 1976ஆம் ஆண்டுச் சட்டம் 1982 மார்ச் 1 அன்று நடப்புக்கு வந்தது. ஆகவே, கோயில் மண்டபத்தில் கட்டிய தாலிக்குப் பதிவுச் சான்றிதழ் இல்லையேல், அதன் விளைவு பிள்ளையின் தலையில் விழுகிறது.

பிறகு பதிவு செய்துகொண்டால் போதாதா என்று கேட்கலாம். மலேசியத் தந்தைக்கு வெளிநாட்டில், பெற்றோர் மணம் புரியும் முன்னர்ப் பிறந்த ஒரு பிள்ளையின் வழக்கில், குடியுரிமை இல்லையென 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் எழுவருள் நால்வர் மறுத்தனர். மூவர் பிள்ளையின் பக்கம் நின்றனர். பெற்றோர் பின்னர் மணந்துகொண்டது அப்பிள்ளைக்குத் துணைவரவில்லை.

இத்துயர் தோட்டத்து மக்களுக்குப் புதியதன்று. பால்மரம் வெட்டிய நம் முன்னோர் பலர் பிறப்பைப் பதிவு செய்யாமலே வாழ்ந்தனர். தோட்டமே உலகமாக இருந்தபோது பத்திரத்தின் தேவை அவர்களுக்குத் தெரியவில்லை. 1968ஆம் ஆண்டு வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, குடியுரிமை இல்லாதார் வேலை செய்ய அனுமதி பெற வேண்டும் என்றானபோதுதான் அதன் அருமை புரிந்தது. பல்லாயிரவர் தமிழகத்துக்குக் கப்பலேறினர். இருந்தவர்களுள் சிலர் சிவப்பு அடையாள அட்டையோடே முதுமையடைந்தனர். பாட்டிக்கு இல்லாத ஆவணம் தாய்க்குத் தடையாகி, தாய்க்கு இல்லாதது பேரப்பிள்ளைக்குத் தடையாகும் குடும்பங்கள் உண்டு.

இலங்கை மலையகத் தமிழரை நினைத்துப் பாருங்கள். 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இரு நாடுகளுக்கும் பங்கிட்டது. எஞ்சியோர்க்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம்தான் குடியுரிமை தந்தது. அங்கே சட்டமே பறித்தது. சட்டமே திருப்பித் தந்தது. இங்கே நிலைமை வேறு. ஒவ்வொரு குடும்பமும் தனித்தனியே விண்ணப்பித்துக் காத்திருக்க வேண்டியுள்ளது.

விண்ணப்பத்துக்குரிய வழி அரசியலமைப்பின் 15ஏ பிரிவு. சிறப்புச் சூழலில் வயது வராத பிள்ளையைக் குடிமகனாகப் பதிவு செய்ய அது அரசுக்கு அதிகாரம் தருகிறது. அது சலுகையே, உரிமையன்று. மறுத்தால் காரணம் கூற வேண்டிய கடமையும் இல்லை. அம்மாணவிக்கும் அவ்வாறே விண்ணப்பம் செய்யப்பட்டது. அவள் இன்று இடைநிலைப்பள்ளியில் படிக்கிறாள். முடிவு இன்னும் வரவில்லை.

இதற்கான வயது வரம்பு நெடுங்காலம் 21ஆக இருந்தது. 2024 அக்டோபர் 17இல் மக்களவை நிறைவேற்றிய அரசியலமைப்புத் திருத்தம் அதனை 18ஆகக் குறைக்கிறது. அயல்நாட்டில் பிள்ளை பெறும் மலேசியத் தாய்மாருக்கு நீதி வழங்கிய அதே திருத்தம், இங்குள்ள நிரந்தரவாசிகளின் பிள்ளைகள் இயல்பாகக் குடியுரிமை பெறும் வழியை அடைக்கிறது. சிவப்பு அட்டைக் குடும்பங்கள் இதை அறிந்திருத்தல் மிகமிகத் தேவை. பன்னிரண்டு வயதில் கண்டுபிடித்தால் கையில் இருப்பவை ஆறே ஆண்டுகள்! ஏழு வயதில் கண்டுபிடித்தால் பதினோர் ஆண்டுகள்.

ஆதலால் ஆசிரியர்களே, முதலாம் ஆண்டுப் பதிவின்போதே பிறப்புப் பத்திரத்தின் குடியுரிமை வரியைப் படியுங்கள். ஐயம் இருப்பின் பெற்றோரைத் தனியே அழைத்துப் பேசுங்கள். பிள்ளைகள் முன்னிலையில் கேட்காதீர்கள். ஆவணம் இல்லையென்று எவரையும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடாதீர்கள். பெற்றோருள் ஒருவர் குடிமகனாயின், ஆவணம் முழுமையடையாத பிள்ளையும் பள்ளியில் சேர 2019 முதல் கல்வி அமைச்சு வழி செய்துள்ளது.

பெற்றோர்களே, திருமண நாள் குறிக்கும்போதே பதிவுக்கும் நாள் குறியுங்கள். குழந்தை பிறந்தால் 60 நாள்களுக்குள் பதியுங்கள். எடுத்து வளர்க்கும் பிள்ளையாயின் சட்டப்படி தத்தெடுங்கள். இன்றிரவே வீட்டிலுள்ள பத்திரங்களை எடுத்து, அந்த ஒரு வரியை மட்டும் படித்துப் பாருங்கள். அதில் 'வார்காநெகாரா' என்ற சொல்லுக்கு முன்னால் வேறேதேனும் இருந்தால், மறுநாள் காலையில் பள்ளிக்கு வாருங்கள். அடுத்து என்ன செய்வது என்று கலந்து பேசுவோம்.