மாடிச் சாவி

2017-ஆம் ஆண்டு ஐப்பசியில், என் வீட்டின் கீழ்த்தளத்தில் குடியிருந்தவர்களின் மகளுக்கு டெங்கு வந்தது. நான்காம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த பிள்ளை. என்னைப் பெரியப்பா என்றுதான் கூப்பிடுவாள். அவளைக் கடித்த கொசு எங்கே பிறந்தது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. ஆனால் என் மாடியில் கொசுப்புழு நெளிந்ததை நான் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை.

எங்கள் வீடு மதுரை அவனியாபுரத்தில் இருக்கிறது. கீழே குடியிருப்பவர்கள், நடுவில் நாங்கள், அதற்கு மேல் மொட்டைமாடி. 2003-இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்று சட்டம் வந்தபோது, ஊரோடு ஒத்து நாங்களும் ஒரு தொட்டி தோண்டி, சல்லியும் மணலும் நிரப்பி, மாடித் தண்ணீரை அதில் இறக்கினோம். பிறகு வெயில் தாங்காமல் மாடியில் தகர ஷெட் போட்டோம். ஷெட்டின் விளிம்பு நெடுக, தண்ணீரை வாங்கி மழைநீர்க் குழாய்க்குக் கொண்டுபோக, அரைவட்டமான பிவிசி கால்வாய் ஒன்றைக் கிளாம்ப் வைத்துக் கட்டினார்கள்.

மதுரையில் ஆண்டுக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிறது. ஆயிரம் சதுர அடிக் கூரையில் அது ஏறத்தாழ 79,000 லிட்டர். அவ்வளவு தண்ணீரையும் மண்ணுக்குள் அனுப்புவது நல்ல காரியம். இப்போதும் அதை நான் நம்புகிறேன். ஆனால் எங்கள் தெருவில் ஒரு பெரிய வேம்பு இருக்கிறது. மாசி, பங்குனியில் அது இலையைக் கொட்டும். சித்திரையில் பூ, ஆனி ஆடியில் பழம், ஆடிக்காற்றில் ஈர்க்கும் சுள்ளியும். எல்லாம் அந்தக் கால்வாயில் வந்து சேரும். மாதம் இரண்டுமுறை ஏணி போட்டு அள்ளவேண்டும். படியேற முடியாத உடம்பில்லை எனக்கு. அந்த வேலை பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதனால் கால்வாயின் மேல் அலுமினிய வலை ஒன்றை வாங்கி மூடினேன். "ஒருதடவை போட்டா போதும் சார், அப்புறம் திரும்பிப் பாக்க வேண்டியதில்ல" என்றார் விற்றவர். எனக்கு வேண்டியிருந்ததும் திரும்பிப் பார்க்காமல் இருப்பதுதான். வலையைத் திருகாணி போட்டு இறுக்கச் சொன்னேன். மாடிக் கதவைப் பூட்டிச் சாவியை நானே வைத்துக்கொண்டேன். குடியிருப்பவர்களை மாடிக்கு விடுகிற வழக்கம் எங்களுக்கு இல்லை. தை முதல் நாள் ஊரில் நடக்கும் ஜல்லிக்கட்டைப் பார்க்க மட்டும் கதவு திறக்கும். அன்று சொந்தபந்தமெல்லாம் மேலே நிற்கும். அன்று யாரும் கால்வாயைப் பார்ப்பதில்லை.

வலைக்குள் என்ன நடந்தது என்பதைச் சொல்லவேண்டும், ஏனென்றால் இன்றும் பலர் அதை வாங்குகிறார்கள். அரசு, வாதாம் போன்ற அகல இலைகளை அது நன்றாகத் தடுக்கும். வேம்பின் இலை ஒல்லியானது. பாதி வலைக்கண்ணில் செருகிக்கொள்ளும். மீதி அதன் மேல் படுக்கும். அதோடு தெருப்புழுதி சேர்ந்து, சாணி மெழுகியதுபோல ஒரு பூச்சு உண்டாகிவிடும். பெருமழை பெய்தால் தண்ணீர் கால்வாய்க்குள் இறங்காமல் வலைமேலேயே வழுக்கிக்கொண்டு வெளியே கொட்டும். 2024 அக்டோபர் 25 அன்று மதுரையில் கால்மணி நேரத்துக்குள் 4.5 சென்டிமீட்டர் மழை கொட்டியதாக அரசு சொன்னது. ஆயிரம் சதுர அடிக் கூரைக்கு அது 4,000 லிட்டருக்கும் அதிகம். அந்த வேகத்துக்கு அழுக்கேறிய வலை எந்த மூலைக்கும் காணாது. சிறுமழையிலோ தண்ணீர் கசிந்து உள்ளே இறங்கும், கூடவே நுண்ணிய மண்ணும் இறங்கும். எங்கள் கால்வாயில் இரண்டு கிளாம்ப் தளர்ந்து, நடுவில் வாட்டம் கெட்டுத் தொய்ந்திருந்தது. இறங்கிய தண்ணீர் அங்கே நின்றுவிட்டது. வலை இல்லாதிருந்தால் முதல் மழையிலேயே என் கண்ணில் பட்டிருக்கும்.

இலையைத் தடுக்கும் வலைக்கண் கொசுவைத் தடுக்காது. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை வேண்டாம். நிழலில், அசையாமல், கொஞ்சம் தெளிந்து நிற்கும் தண்ணீர் போதும். முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாக ஏழெட்டு நாளிலிருந்து பத்து நாள் வரை ஆகும். முட்டையைத் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே ஒட்டி வைக்கும். காய்ந்தாலும் அது மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பிறந்த கொசு அதிக தூரம் பறப்பதுமில்லை, பெரும்பாலும் அக்கம்பக்கத்து வீடுகளுக்குள்ளேயே சுற்றும். கடிப்பது பகலில். கொசுவால் வரும் நோய்களைப் பற்றி ஆராய்வதற்கென்றே சின்னச் சொக்கிகுளத்தில் மத்திய அரசின் ஆராய்ச்சிக்கூடம் இருக்கிற ஊர் இது. தெரியாது என்று நான் சொல்லமுடியாது.

பிள்ளைக்குக் காய்ச்சல் வந்த 2017-இல் தமிழ்நாட்டில் 23,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது. 65 பேர் இறந்ததாக அரசுக் கணக்கு. தெருமுனையில் நிலவேம்புக் குடிநீர் கொடுத்தார்கள். கொசு ஒழிப்புப் பணியாளர்கள், பெரும்பாலும் தினக்கூலிக்கு வரும் பெண்கள், வீடுவீடாக வந்து டிரம், ஆட்டுக்கல், பூந்தொட்டி, பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு என்று பார்த்தார்கள். எங்கள் வீட்டிலும் பார்த்தார்கள். "மாடியப் பாக்கணும் சார்" என்றார் ஒருவர். "மேல ஒண்ணுமில்லம்மா. எல்லாம் வலை போட்டு மூடியிருக்கு. எழுதிட்டுப் போங்க" என்றேன். சாவி என் சட்டைப்பையில் இருந்தது. அவர் சுவரில் தேதி எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். அடுத்த வாரமும் இதே பதில்தான் சொன்னேன்.

பிள்ளை காய்ச்சலில் விழுந்து, பெரியாஸ்பத்திரியில் தட்டணுக்கள் குறைந்து படுத்திருந்த நாளில்தான் நான் மாடியேறினேன். திருகாணியைக் கழற்றி வலையைத் தூக்கினேன். தொய்ந்த இடத்தில் ஒரு முழ நீளத்துக்குத் தண்ணீர் நின்றது. அதில் புழுக்கள் மேலும் கீழும் துள்ளிக்கொண்டிருந்தன. துடைத்து, பிளீச்சிங் பவுடர் போட்டுத் தேய்த்து, வலையைச் சுருட்டிக் குப்பைவண்டியில் போட்டேன். கீழே இறங்கி வந்து, அந்தத் தாயிடம், "பள்ளிக்கூடத்துல இருந்துதான் வந்திருக்கும்போல தாயி" என்றேன். இந்த ஒரு வார்த்தைதான் என்னை இன்றுவரை விடாமல் இருக்கிறது. சோம்பேறித்தனத்தை ஒருவர் மன்னிக்கலாம். ஒரு தாயின் பயத்துக்கு நடுவே, குற்றத்தைத் தூக்கி எங்கோ வைத்தது வேறு காரியம்.

பிள்ளை பிழைத்து வந்தாள். மறுவருடம் அவர்கள் வீட்டைக் காலி செய்தபோது, வழக்கமாகப் பிடிக்கும் பெயிண்ட் செலவைப் பிடிக்காமல் அட்வான்ஸ் முழுவதையும் திருப்பிக் கொடுத்தேன். "உங்களைப்போல வீட்டுக்காரர் கிடைக்காதுண்ணே" என்று சொல்லிவிட்டுப் போனார் அந்தத் தகப்பனார். அப்போதும் வாய் திறக்கவில்லை.

இதை அச்சுக்குக் கொடுக்கும் முன்னால் அவருக்குப் போன் செய்து எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் பேச்சில்லை. பிறகு, "அன்னைக்கே சொல்லியிருந்தா, தெருவுல மத்த பிள்ளைகளையாவது பாத்திருப்பாங்கள்லண்ணே" என்றார். உண்மைதான். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பணியாளர்கள் சுற்றியிருந்த மாடிகளையெல்லாம் ஏறிப் பார்த்திருப்பார்கள். என் கௌரவம் போய்விடும் என்று அந்தத் தெருவின் பிள்ளைகளை விட்டுவிட்டேன். அவர் மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்கு உரிமையுமில்லை.

தண்ணீர் தேங்கிக் கொசு வளர்ந்தால் இடத்துக்கு உரியவரோ அங்கே குடியிருப்பவரோ பொறுப்பு என்று 1939-ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டமே சொல்கிறது. வலை அந்தப் பொறுப்பை வாங்கிக்கொள்ளாது. வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு என் பதில் இது: வேம்பு, முருங்கை, புளி நிற்கும் தெருவில் அந்தப் பணத்தை முதலில் கால்வாயின் வாட்டத்தைச் சரிசெய்யச் செலவிடுங்கள். வெறும் மொட்டைமாடி என்றால், குழாய் வாயில் தட்டையான ஜாலியை விடக் கூம்பாக நிமிர்ந்த ஜாலி மேல். இலை அதன் காலடியில் ஒதுங்கினாலும் தண்ணீர் மேலே புகுந்து இறங்கும். அகல இலை மரம் பக்கத்தில் இருந்து வலைதான் வேண்டுமென்றால், கையால் கழற்றக்கூடியதாகப் போடுங்கள், திருகாணி வேண்டாம். எதைப் போட்டாலும் புரட்டாசி முதல் மார்கழி வரை வாரம் ஒருமுறை மேலே ஏறிப் பாருங்கள், ஈரம் நிற்கும் இடத்தைத் தேய்த்துக் கழுவுங்கள். மாடிச் சாவி ஒன்றைக் குடியிருப்பவர்களிடமும் கொடுத்து வையுங்கள். கொசுப் பணியாளர் வாசலில் வந்து நின்றால், அவரை மேலே கூட்டிப்போய்க் காட்டுங்கள்.