பீரோவில் தூங்கும் பென்ஷன்

நெல்லிக்குப்பம் சர்க்கரை ஆலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்கள் எங்கள் அண்ணாகிராமம் பக்கம் நிறைய உண்டு. அவர்களுக்குப் பி.எஃப். பென்ஷன் என்று வருவது சொற்பம். குறைந்தபட்சம் மாதம் 1,000 ரூபாய் என்று 2014-ல் வைத்தார்கள். அதற்கப்புறம் பல வருடம் ஆகியும் அந்த ஆயிரம் நகரவே இல்லை. ஆகவே உண்மையான பென்ஷன் வீட்டுப் பீரோவில் இருக்கிறது. கரும்புப் பணம், முந்திரிப் பணம், போனஸ் எல்லாம் வந்த கையோடு பண்ருட்டிக்குப் போய்ப் பவுனாக மாறியவை.

2023-ல் ஓய்வு பெற்ற பக்கத்து வீட்டு அண்ணன் என்னிடம் கேட்டார்: "வட்டி ஏறினா தங்கம் விழுமாமே, வித்துப் போஸ்டாபீஸ்ல போட்டுடலாமா?"

அவர் கேள்வியில் பாதி சரி. தங்கம் வட்டி தராது. பணத்துக்கு நல்ல வட்டி கிடைக்கும்போது தங்கத்தைச் சும்மா வைத்திருப்பவனுக்கு நஷ்டக் கணக்கு ஓடுகிறது. 1980 ஜனவரியில் அவுன்ஸ் 850 டாலர் தொட்ட தங்கம், அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பால் வோல்கர் வட்டியை 20 சதவீதம் வரை ஏற விட்டதும், 1982 நடுவில் 300 டாலரை ஒட்டி வந்து நின்றது. அப்போதும் விலைவாசியைக் கழித்துவிட்டு மிஞ்சும் வட்டிதான் தங்கத்தை அடித்தது. வட்டி ஏறி, விலைவாசி அதைவிட வேகமாக ஏறினால் தங்கம் அசைவதில்லை.

2022-ல் நடந்ததைப் பாருங்கள். மே 4-ந் தேதி திடீரென்று ரிசர்வ் வங்கி ரெப்போ வட்டியை 4-லிருந்து 4.4 ஆக்கியது, அடுத்த பிப்ரவரிக்குள் 6.5. அமெரிக்காவிலும் அதே வேகம். மார்ச்சில் 2,000 டாலரைத் தாண்டியிருந்த அவுன்ஸ், ஐப்பசி வாக்கில் 1,630 வரை சரிந்தது. பண்ருட்டி நகைக்கடைப் பலகையில் அந்தச் சரிவு தெரிந்ததா? அவ்வளவாகத் தெரியவில்லை. டாலர் 74 ரூபாயிலிருந்து 82-க்குப் போயிருந்தது. போதாததற்கு ஜூலை 1-ல் தங்கத்தின் அடிப்படை இறக்குமதி வரியை 7.5-லிருந்து 12.5 சதவீதமாக உயர்த்தினார்கள். உலகத்தில் இறங்கிய விலையில் பெரும்பகுதியை ரூபாயும் சுங்கமும் வழியிலேயே தின்றுவிட்டன.

அதனால் அண்ணனிடம் விலையைப் பற்றி நான் ஜோசியம் சொல்லவில்லை. மாதச் செலவுக்கு என்ன வழி என்று கேட்டேன். போஸ்டாபீஸின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தில் அப்போதுதான் வட்டி 8.2 சதவீதம் ஆகியிருந்தது. உச்சவரம்பும் 15 லட்சத்திலிருந்து 30 லட்சம். பத்து லட்சம் போட்டால் மூன்று மாதத்துக்கு ஒருமுறை 20,500 ரூபாய் வரும். போட்ட அன்றைய வட்டி ஐந்து வருடத்துக்கும் மாறாது. பீரோ அப்படித் தராது. நகையில் பணம் பார்க்க வேண்டுமானால் விற்க வேண்டும், இல்லையேல் அடகு வைக்க வேண்டும். விற்றால் வாங்கும்போது கொடுத்த செய்கூலியும் சேதாரமும் போச்சு. அடகு வைத்தால் ஏறிய வட்டி நம் தலையில். மாதாமாதம் சம்பளம் வராதவர் திருப்ப முடியாமல் நகை மூழ்கிப்போவதை ஊரில் எத்தனை பார்த்திருக்கிறோம்.

செய்கூலியும் சேதாரமும் இல்லாமல் அரசின் தங்கப் பத்திரம் என்று ஒன்று இருந்தது. 2015 நவம்பரில் கிராம் 2,684 ரூபாய்க்கு வாங்கியவருக்கு எட்டு வருடம் கழித்து 6,132 கிடைத்தது. நடுவில் வட்டியும் உண்டு. எங்கள் பக்கம் அதை வாங்கியவர்களை எனக்குத் தெரியாது. கழுத்தில் போட முடியாததை யார் வாங்குவார்கள்? 2024 பிப்ரவரிக்குப் பிறகு புது வெளியீடும் இல்லை.

முடிவெடுத்தது அண்ணிதான். நகை அவர்கள் பெயரில் இல்லை, அவர்கள் உடம்பில் இருந்தது. அதைவிட வேறென்ன உரிமை வேண்டும்? சேதாரம் இல்லாத தங்கக் காசுகளை முதலில் விற்றார்கள். பிறகு யாரும் போடாத நெளி மோதிரங்கள். பி.எஃப். பணத்தோடு அதையும் சேர்த்துப் போஸ்டாபீஸில் போட்டார்கள். சங்கிலியையும் வளையலையும் தொட விடவில்லை.

அப்போது பவுன் 45,000 ரூபாயைச் சுற்றி இருந்தது. 2025 டிசம்பரில் லட்சத்தைத் தாண்டியது. விற்ற காசுகளைக் கணக்குப் போட்டு அண்ணன் இன்றைக்கும் புலம்புவார். அண்ணி காதில் வாங்குவதே இல்லை. வட்டி விழுகிற நாளில் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு அவர்கள்தான் போகிறார்கள்.