வ. புதுப்பட்டியின் ஆன்டெனாக்கள்

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மதுரைச் சாலையில் வந்து, கிருஷ்ணன்கோவிலில் இடப்புறம் பிரியும் சாலை வத்திராயிருப்புக்குச் செல்கிறது. அதை அடுத்துள்ள பேரூர்தான் வ. புதுப்பட்டி. புதுப்பட்டி என்ற பெயரில் தமிழகத்தில் எத்தனையோ ஊர்கள் இருப்பதால், வத்திராயிருப்பின் முதலெழுத்தைச் சேர்த்து இதை அடையாளப்படுத்தினார்கள். வத்திராயிருப்பை ஆங்கிலேயர் ‘வாட்ராப்’ என்று எழுதி வைத்தமையால், ஆங்கிலப் பலகைகளில் இவ்வூர் ‘டபிள்யூ. புதுப்பட்டி’ ஆகிவிட்டது.

இப்பக்கம் வருவோர் சதுரகிரி மலையைப் பார்ப்பார்கள். பிளவக்கல் அணையைப் பார்ப்பார்கள். ஊர் திரும்பும்போது ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா வாங்கிக்கொள்வார்கள். அவற்றைப் பற்றி எழுதப் பலர் இருக்கிறார்கள். நான் நேயர்களின் கவனத்தைச் சற்று மேலே, வீட்டுக் கூரைகளின் பக்கம் திருப்ப விரும்புகிறேன். அங்கே துருப்பிடித்த இரும்புக் குழாய்களின் உச்சியில், மீன்முள்ளைப் போன்ற அலுமினியச் சட்டங்கள் சில இன்னும் எஞ்சி நிற்கின்றன. பழைய இரும்பு, அலுமினியம் எடுப்பவரின் தராசுக்கு அவை ஒவ்வொன்றாகச் சென்றுகொண்டிருக்கின்றன. அவை என்ன, எதைப் பார்த்து நிற்கின்றன என்று சொல்லத் தெரிந்தவர்களும் குறைந்து வருகிறார்கள்.

இந்த மீன்முள் வடிவத்திற்கு ‘யாகி உடா’ என்று பெயர். 1926ஆம் ஆண்டு ஜப்பானின் செண்டாய் நகரப் பல்கலைக்கழகத்தில் ஷின்டாரோ உடா, ஹிடெட்சுகு யாகி என்னும் இருவர் உருவாக்கியது. நீண்ட நடுத்தண்டில் குறுக்குக் கம்பிகள் வரிசையாக இருக்கும். பின்கடைசியில் உள்ள நீளமான கம்பி அலையைத் தடுத்துத் திருப்பி அனுப்பும். அதற்கு முன்னுள்ள, வளைத்து மூடிய கம்பியில்தான் ஒயர் இணைந்திருக்கும். முன்பக்கத்துச் சிறு கம்பிகள் அலையை ஈர்த்து அதனிடம் சேர்ப்பவை. ஆகவே மிகச் சிறிய கம்பி எந்தப் பக்கம் இருக்கிறதோ, அந்தப் பக்கத்தில்தான் ஒலிபரப்பு நிலையம் இருந்தது என்று தயங்காமல் சொல்லிவிடலாம்.

எந்த அலைக்கானது என்பதைக் கம்பியின் நீளமே காட்டிக்கொடுக்கும். ஒயர் இணையும் கம்பி ஏறத்தாழ அலைநீளத்தில் பாதி இருக்கவேண்டும் என்பது விதி. முந்நூறை மெகாஹெர்ட்ஸ் எண்ணால் வகுத்தால் அலைநீளம் மீட்டரில் கிடைத்துவிடும். கோடை பண்பலை 100.5 மெகாஹெர்ட்ஸில் ஒலிபரப்பாவது நேயர்கள் அறிந்ததே. அதன் அலைநீளம் சுமார் 3 மீட்டர். பாதி ஒன்றரை மீட்டர், அதாவது ஐந்தடி. தொலைக்காட்சியின் 2 முதல் 4 வரையுள்ள அலைவரிசைகளுக்கு ஏழு முதல் பத்தடிக் கம்பி வேண்டும். 5 முதல் 12 வரை உள்ளவற்றுக்கு இரண்டு முதல் மூன்றடி போதும். இதற்கு நாடாகூட வேண்டியதில்லை. கீழே நின்று கண்ணளவில் கணித்துவிடலாம்.

இவ்வூரில் பெரும்பாலான பழைய ஆன்டெனாக்கள் வடக்கு நோக்கியே நிற்கின்றன. வடக்கே கொடைக்கானல் இருக்கிறது. 1980களின் பிற்பகுதியில் அங்கே தூர்தர்ஷன் ஒளிபரப்பு தொடங்கிய பிறகுதான் தென்மாவட்டங்களில் தொலைக்காட்சி பரவலாயிற்று. சென்னை நிலையம் 1975 ஆகஸ்டு 15ஆம் நாளிலேயே தொடங்கிவிட்டது. எனினும் அதன் அலை இவ்வளவு தொலைவு எட்டவில்லை. கொடைக்கானலுக்கும் இவ்வூருக்கும் நேர்க்கோட்டில் எழுபது கிலோமீட்டருக்குள்தான். ஆனால் வருசநாட்டு மலைத்தொடர் குறுக்கே நிற்கிறது. இந்த அலைகள் ஒளியைப் போல நேராகச் செல்பவை. மலைமுகட்டில் பட்டுச் சிறிதளவே வளைந்து கீழே இறங்கும். அதனால்தான் மலையடிவார ஊர்களில் கம்பம் உயரமாகவும், அதன் கழுத்தில் ‘பூஸ்டர்’ என்னும் சிறு பெட்டியுடனும் இருக்கிறது. மாடியில் ஒருவர் கம்பத்தைத் திருப்ப, முற்றத்தில் ஒருவர் நின்று செய்தி கடத்த, உள்ளேயிருந்து பெண்கள் “கொசு போகல, இன்னும் கொஞ்சம்!” என்று குரல் கொடுத்த அந்த வெள்ளிக்கிழமை மாலைகளை நாற்பது வயதைக் கடந்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ‘ஒளியும் ஒலியும்’ தொடங்கும் நேரத்தில்தானா காகம் வந்து அதன்மேல் அமரவேண்டும்!

ஓட்டு வீடு ஒன்றின் கம்பத்தில் இரண்டு ஆன்டெனாக்களைக் கண்டேன். மேலே உள்ளது வடக்கு நோக்கியது. கீழே உள்ள சிறியதோ தென்கிழக்கு நோக்கியிருந்தது. அந்தப் பக்கம் நம் நாட்டு நிலையம் எதுவும் இருந்ததாக எனக்கு நினைவில்லை. தெருமுனையில் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த பெரியவரிடம் கேட்டேன்.

“அது ரூபவாஹினிக்குக் கட்டினது பாய்” என்றார்.

“இங்கேயுமா தெரிந்தது, அண்ணாச்சி?”

“தினமும் தெரியாது. கோடை ராத்திரியில சில நாள் அப்படியே கண்ணாடி மாதிரி வரும். மறுநாள் தேடினா ஒண்ணும் இருக்காது.”

அவர் கூறியதில் மிகையில்லை. இலங்கையின் ரூபவாஹினி 1982 பிப்ரவரி 15 அன்று தொடங்கியது. அந்நாட்டின் மிக உயர்ந்த சிகரமான பீதுருதாலகாலையில் அதன் கோபுரம் இருந்தது. இங்கிருந்து அது நானூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கோடையில் கடல்மீது குளிர்ந்த காற்றுப் படலமும் அதற்கு மேல் வெப்பமான படலமும் அமையும்போது, அலைகள் அவ்விரண்டுக்கும் இடையே குழாயில் ஓடும் நீர்போல் நெடுந்தூரம் வந்துவிடும். தூத்துக்குடி, ராமநாதபுரம் கரையோரங்களில் ரூபவாஹினி வழக்கமான விருந்தாளியாகவே இருந்தது. வளைகுடாவிலிருந்து நம்மவர்கள் தோளில் சுமந்து வந்த பெட்டிகளிலும் அது தெரிந்ததற்குக் காரணம் உண்டு: இந்தியா, இலங்கை, துபாய் மூன்றும் ‘பால்’ என்னும் ஒரே முறையைக் கைக்கொண்டிருந்தன. பின்னர் 1995இல் ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. அக்கரைக் காட்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களை இக்கரைக்குத் திருப்புவதும் அதன் நோக்கங்களுள் ஒன்று என்றே நான் கருதுகிறேன்.

தொலைக்காட்சிக்கு முன்பே நம் இல்லங்களின் காது இலங்கைப் பக்கம்தான் இருந்தது. கொழும்பு வானொலி 1925இல் தொடங்கியது. நமக்கு அருகிலுள்ள திருநெல்வேலி நிலையம் 1963இல்தான் வந்தது. இலங்கை வானொலியின் முஸ்லிம் நிகழ்ச்சியை நோன்புக் காலத்தில் கேட்பதற்கென்றே கூரையில் இரு கழிகள் நட்டு, பீங்கான் குமிழ்களுக்கிடையே செம்புக் கம்பி இழுத்துக் கட்டிய குடும்பங்கள் உண்டு. பி.எச். அப்துல் ஹமீத் அவர்களின் குரலை அறியாத வீடு தென்பாண்டிச் சீமையில் அரிது. கம்பி கட்ட இடமில்லாதவர்கள், அகன்ற நாடாவைப் போன்ற செம்புவலை ஏரியலைத் தாழ்வாரத்தில் தொங்கவிட்டார்கள். பழைய வீட்டின் கைமரத்தில் வெள்ளைப் பீங்கான் குமிழ் ஒன்று காரணமின்றித் தொங்குமானால், அது மின்சாரத்துக்கு உரியதுதானா, வானொலிக்கு உரியதா என்று பாருங்கள்.

வேறு சில வகைகளும் கண்ணில் படலாம். கம்பிகள் கிடையாக இல்லாமல் செங்குத்தாக நின்றால் அது தொலைக்காட்சிக்கானதாக இருப்பது அரிது. காவல்துறை வயர்லெஸ்ஸாகவோ கிராமத் தொலைபேசியாகவோ இருக்கலாம். 1990களில் ஒயர் எட்டாத கிராமங்களின் பொதுத் தொலைபேசிக்குச் சூரியத் தகட்டுடன் இத்தகைய ஆன்டெனா வைத்தார்கள். அறுபதடிக்கு மேல் நீண்ட கம்பி ஒன்று நடுவில் உயர்ந்தும் இருபுறம் சரிந்தும் கட்டப்பட்டிருந்தால், அவ்வீட்டில் உரிமம் பெற்ற ‘ஹாம்’ வானொலி அன்பர் இருக்கிறார் என்று கொள்ளலாம். 2004 ஆழிப்பேரலையின்போது அந்தமானில் தொலைபேசிகள் ஊமையாகிக் கிடக்க, செய்தி கடத்தியவர்கள் இத்தகையோரே.

இன்று எங்கும் காணப்படுவது சிறு வட்டத் தட்டு. 2004 டிசம்பரில் தூர்தர்ஷனின் இலவச நேரடிச் சேவை தொடங்கியபின் இவை பெருகின. அந்தச் சேவைக்கான தட்டு கிழக்கு 93.5 பாகையில் உள்ள செயற்கைக்கோளைப் பார்ப்பது, வ. புதுப்பட்டியிலிருந்து அது கிழக்குக்கும் தென்கிழக்குக்கும் நடுவே, வானில் மிக உயரத்தில் அமைகிறது. இதில் நம்மவர்களுக்கு ஒரு பயன் உண்டு. இப்பகுதியில் கிப்லா, மேற்கிலிருந்து சுமார் இருபத்து மூன்று பாகை வடக்கே விலகியது. ஆகவே அந்தத் தட்டின் முதுகுப்புறம் ஏறக்குறைய கிப்லாவைக் காட்டும். ஏழெட்டுப் பாகை வேறுபாடு இருக்கும். தனியார் நிறுவனங்களின் தட்டுகள் வேறு திசைகளையும் பார்க்கும். திசைமானி கையில் இல்லாத பயணிக்கு இது ஒரு தோராயமான துணை, அவ்வளவே.

தூர்தர்ஷனின் பழைய தரைவழி ஒளிபரப்பு 2022 மார்ச்சுக்குள், எல்லையோரம் போன்ற சில இடங்கள் நீங்கலாக, நாடெங்கும் நிறுத்தப்பட்டுவிட்டது. எனவே வடக்கு பார்த்த அந்த ஆன்டெனாக்களுக்கு இப்போது தொலைக்காட்சி வேலை கிடையாது. ஐந்தடிக் கம்பி உள்ளதை மட்டும் விட்டுவைத்து, அதன் ஒயரைப் பண்பலை வானொலியின் ஏரியல் துளையில் இணைத்துப் பாருங்கள். மலை மறைவிலும் ஒலி தெளிவடைவதைக் கேட்கலாம்.

மற்றவற்றை இறக்கத்தான் வேண்டும். முப்பதடி இரும்புக் குழாய் அடிப்பகுதி அரித்துப்போய் நிற்பது ஆபத்து. அதைவிட ஆபத்து, இறக்கும்போது அது சரிந்து மின்கம்பியில் படுவது. இவ்வாறு பல ஊர்களில் உயிர்கள் போயிருக்கின்றன. கம்பத்தின் உயரத்துக்குள் மின்கம்பி இருக்குமானால், மின்வாரியத்தாரிடம் சொல்லி மின்சாரத்தை நிறுத்தச் செய்த பிறகே தொடவேண்டும். மழைக்காலத்தில் வேண்டாம், காற்றில்லாத காலை நேரத்தில், மூவர் சேர்ந்து, முதலில் உச்சியில் கயிறு கட்டி இறக்கவேண்டும். கடைக்குப் போடுமுன், வீட்டிலுள்ள முதியவரிடம் அது எந்த ஆண்டில், எதைப் பார்ப்பதற்காகக் கட்டப்பட்டது என்று கேட்டு, கம்பியின் நீளத்தையும் அது நோக்கிய திசையையும் ஒரு தாளில் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.