எங்கள் வீட்டுக் கடலை

எங்கள் இல்லத்தில் இரண்டு கினிப்பன்றிகள் வளர்கின்றன. மூத்ததற்குக் கடலை என்றும் இளையதற்குப் பொரி என்றும் பிள்ளைகள் பெயரிட்டனர். பன்றி என்ற சொல்லைக் கேட்டு முகஞ்சுளிக்க வேண்டா. இவை முயலினும் சிறிய, புல்லைக் கொறித்துண்ணும் சாதுப் பிராணிகள். தென் அமெரிக்காவின் ஆண்டீஸ் மலைநாடு இவற்றின் தாயகம். அங்குள்ள மக்கள் இவற்றைக் ‘கூய்’ என அழைத்து, உணவுக்காகவே தொன்றுதொட்டு வளர்த்து வருகின்றனர். பெரு நாட்டின் குஸ்கோ பேராலயத்தில் 18ஆம் நூற்றாண்டு ஓவியர் மார்கோஸ் சப்பாட்டா தீட்டிய இறுதி இராவுணவுப் படத்தில், ஆண்டவருக்கு முன்னுள்ள தட்டில் கிடப்பது இப்பிராணியே என்பர். இதை ஒருநாள் சாப்பாட்டு வேளையில் வாய்தவறிச் சொல்லிவிட்டுப் பிள்ளைகளைத் தேற்ற நாங்கள் பட்ட பாடு தனிக்கதை.

கடலைக்கு நான்கு வயது நிரம்பியபோது அதன் இரு விலாப்புறங்களிலும் ஒரே அளவாக முடி உதிரத் தொடங்கியது. புண்ணில்லை, அரிப்புமில்லை. சொறி என்றெண்ணி வேப்பெண்ணெய் தடவினோம், பயனில்லை. கால்நடை மருத்துவர் அதன் வயிற்றைத் தொட்டுப் பார்த்தார், ஸ்கேன் எடுத்தார். சூற்பைகள் இரண்டிலும் நெல்லிக்காயளவில் நீர்க்கட்டிகள் இருப்பதாகவும், வயது முதிர்ந்த பெண் கினிப்பன்றிகளுக்கு இது பரவலாக வருவதே என்றும், சூற்பைகளையும் கருப்பையையும் அறுவை செய்து அகற்றிவிடுவது நலம் என்றும் சொன்னார். இத்தனை சிறிய உயிருக்கு மயக்க மருந்து கொடுப்பதில் ஆபத்து உண்டு என்பதையும் அவர் மறைக்கவில்லை.

“எலிக்கு ஆஸ்பத்திரிச் செலவா? ஊர் சிரிக்கும்!” என்றார் அப்பாயி. செலவான தொகையை இங்கே எழுத எங்களுக்கும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பிழை எங்களுடையது, அதைச் சொல்லிவிடுகிறோம். அறுவைக்கு முன் வெறும் வயிறாக இருக்க வேண்டும் என்பது மனிதர்க்குள்ள விதியன்றோ? அதையே எண்ணி, யாரையும் கேளாமல், முந்தைய இரவு கூண்டிலிருந்த புல்லையெல்லாம் எடுத்துவிட்டோம். கடலை கூண்டுக் கம்பியைக் கடித்துக் கடித்துக் கத்தியது. “நாளைக்குச் சரியாகிவிடும்” என்று விளக்கை அணைத்துவிட்டோம். காலையில் மருத்துவரிடம் ஏதோ சாதித்தவர்போல் அதைச் சொன்னபோது அவர் முகம் மாறியது. மயக்கத்தில் வாந்தி எடுத்தால் மூச்சுக்குழலில் புகுந்துவிடும் என்பதற்காகத்தான் பிறர்க்கு வெறும் வயிறு. இப்பிராணிக்கோ வாந்தியெடுக்கவே இயலாது. மேலும் அதன் குடல் ஓயாமல் இயங்கிக்கொண்டே இருக்க வேண்டும். உணவு நின்றால் குடல் நிற்கும். குடல் நின்றால் உயிரும் நிலைப்பதரிது. அறுவையை மறுநாளைக்குத் தள்ளிவைத்து, “வயிறார ஊட்டிக் கொண்டுவாருங்கள்” என்று அனுப்பிவிட்டார்.

மறுநாள் மாலை கடலை உயிரோடு வீடு வந்தது. அடிவயிற்றில் இரண்டு விரற்கடை நீளத்திற்குத் தையல். கூண்டிலிருந்த மரத்தூள் தையலில் ஒட்டும் என்பதால் துணிதான் விரிக்க வேண்டும்; அதுவும் வெள்ளைத் துணியாயின் இரத்தம் கசிந்தால் உடனே தெரியும். நாங்கள் அலமாரியைத் துழாவிக்கொண்டிருக்கையில், அப்பாயி தம் பழைய வெள்ளைச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து, ஒன்றும் பேசாமல் நான்காகக் கிழித்துப் போட்டார்.

அன்றிரவு அது ஒன்றும் தின்னவில்லை. முதுகைக் கூனி, கண்ணைப் பாதி மூடி, மூலையில் உருண்டு கிடந்தது. பிற விலங்குக்கு இரையாகும் உயிர்கள் தம் நோவை வெளிக்காட்டா. வெளிக்காட்டினால் வேட்டையாடுவது எளிது. ஆதலால் அது அவ்வாறு கிடந்ததே பெரும் அறிகுறி. மருத்துவர் குறித்தபடி வலி மருந்தைச் சொட்டுச் சொட்டாகக் கொடுத்தோம். உலர்தீவனத்தை வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியாகக் கரைத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் இரண்டு மணிக்கொரு முறை ஊட்டினோம். மல்லாத்தக் கூடாது, முன்பற்களின் பக்கவாட்டில் நுனியை வைத்துச் சிறிதளவே செலுத்தி, அது மென்று விழுங்கும்வரை காத்திருக்க வேண்டும். ஐந்து மில்லி உள்ளே போக அரைமணி நேரம் ஆயிற்று. பாதி கஞ்சி எங்கள் மடியில்.

வீட்டில் மிஞ்சியிருந்த அமாக்சிசிலினில் சிறிது கொடுத்தால் புண் சீழ்பிடிக்காதே என்று உறவினர் ஒருவர் தொலைபேசியில் அறிவுரை கூறினார். நல்லவேளை, முன்பு பட்ட பாடத்தால் மருத்துவரைக் கேட்டோம். பென்சிலின் இன மருந்துகளை வாய்வழிக் கொடுத்தால் குடலிலுள்ள நல்ல நுண்ணுயிர்கள் மடிந்து கினிப்பன்றி இறந்துபோகும் என்றார்.

அந்த இரவின் துயரெல்லாம் புழுக்கையைப் பற்றியதே! நலமாயுள்ள கினிப்பன்றி நாளொன்றுக்கு நூற்றுக்கு மேல் இடும். கடலையின் வெள்ளைத் துணியில் இரவு இரண்டு மணிக்கும் ஒன்றுமில்லை. பட்டினி போட்ட அந்த ஓர் இரவே இதற்குக் காரணமோ என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. கேட்கும் துணிவு எங்களுக்கு இல்லை. விடியற்காலையில் எழும் வழக்கமுடைய அப்பாயிதான் விளக்கைப் பிடித்துப் பார்த்து, “ஏலே, எல்லாரும் எழுந்திரிங்க! மூணு கெடக்கு” என்று கூவினார். மிளகளவே இருந்த அம்மூன்றையும் பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தனர்.

பின் வந்த நாள்களில் சமையலறைத் தராசே எங்கள் கடிகாரம். அறுவைக்கு முன் 940 கிராம். மூன்றாம் நாள் 880. ஐந்தாம் நாள் 895. மனிதரைப் போலவே கினிப்பன்றிக்கும் வைட்டமின் சி தன் உடலில் உண்டாகாது. 1907இல் நார்வேயில் ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் எனும் இருவர் இப்பிராணியைக் கொண்டே ஸ்கர்வி நோயை ஆராய முடிந்ததும் அதனால்தான். புண் ஆறுவதற்கு அச்சத்து இன்றியமையாதது; ஆகவே குடைமிளகாய்த் துண்டும் கொத்தமல்லியும் நாள்தோறும் வைத்தோம். பொரியைக் கம்பிவலைக்கு மறுபுறம் விட்டோம். அது இரவெல்லாம் வலையோரமே படுத்திருந்தது.

பன்னிரண்டாம் நாள் தையல் பிரித்தாயிற்று. அன்று மாலை அப்பாயி கொத்தமல்லிக் கட்டை அவிழ்த்த ஓசை கேட்டு, கூண்டுக்குள்ளிருந்து ‘வீக், வீக்’ என்ற கூவல் எழுந்தது. “வாரேன், வாரேன், அதுக்குள்ள என்ன அவசரம்?” என்று அவர் அதனோடு பேசிக்கொண்டே போனார்.

இப்போது விலாவில் முடி முளைத்துவிட்டது. இடப்புறம் மட்டும் சற்றே வெளிறிய நிறம். தராசு இன்னும் சமையலறைக்குத் திரும்பவில்லை.